பிட்டர்களும் பட்டறைகளும்: கோவை மில்களின் ஒரு பழைய வரலாறு

கோயம்புத்தூரின் தொழில் வளத்தைப் பற்றி எழுதப்படும் நூல்களிலும் விழா மலர்களிலும், மில்களை நிறுவிய பெருந்தனவந்தர்களின் பெயர்களும், அவற்றுக்கு மின்சாரம் தந்த பைகாராவின் மகிமையும், அந்தப் பிரதேசத்துப் பருத்தியின் சிறப்பும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் சீமையிலிருந்து கப்பலேறி வந்த யந்திரங்களைத் தலைமுறைக் கணக்கில் ஓயாமல் ஓடச் செய்த பிட்டர்களையும், மேஸ்திரிகளையும், கடைசல்காரர்களையும், அவர்களுக்குத் தலைமை தாங்கிய மில் இன்ஜினீயர்களையும் பற்றி ஒரு பத்தி கிடைப்பதும் அரிதாகவே இருக்கிறது. இதைச் சிறு குறையென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில், பம்பும் மோட்டாரும் நூற்பு யந்திரமும் செய்து நாடெங்கும் அனுப்புகிற ஓர் ஊர், அந்த வித்தையின் முதற்பாடங்களை, உடைந்த பல்சக்கரத்தையும் தேய்ந்த பேரிங்கையும் மறுபடியும் உயிர்ப்பித்த மில் பட்டறைகளிலேதான் கற்றது என்பது என் திடமான அபிப்பிராயம். பழுதுபார்த்தல் அங்கே உற்பத்திக்கு ஊழியம் செய்யும் கீழ்நிலைத் தொழிலாக நின்றுவிடவில்லை. காலக்கிரமத்தில் அதுவே உற்பத்தியைப் பெற்றெடுத்தது.

தென்னாட்டில் யந்திர நூற்பு வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில். சென்னையில் பக்கிங்காம் மில் 1876இல் தோன்றிற்று. திருநெல்வேலிச் சீமையில் ஹார்வி சகோதரர்கள், பொருநையாறு மலையிலிருந்து இறங்கும் பாபநாசத்துக்கு அருகில், 1885இல் ஒரு மில்லைத் தொடங்கி, நீரின் வேகத்தைக் கொண்டே கதிர்களைச் சுழலச் செய்தார்கள்; அடுத்து 1892இல் மதுரையிலும் மில் ஒன்றை எழுப்பினார்கள். கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1888இல் நிறுவிய நூற்பு நெசவு ஆலையை ஜனங்கள் இன்றளவும் ஸ்டேன்ஸ் மில் என்றே அழைக்கிறார்கள். அருவியில்லாத கோவைக்கு நீராவியைத் தவிர வேறு கதியில்லாமற் போயிற்று. அந்த நிர்ப்பந்தமே அவ்வூரில் யந்திரம் அறிந்த ஒரு கூட்டத்தை உருவாக்கத் தொடங்கியது.

நீராவிக் காலத்து மில்லின் அமைப்பைச் சற்று விரிவாகவே மனத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். ஒரு கோடியில் பாய்லர் அறை; அதில் பெரும்பாலும், கிடையாகப் படுத்த நீண்ட உருளைக்குள் இரண்டு நெருப்புக் குழாய்கள் ஓடும் லங்காஷயர் பாய்லர். அதற்கடுத்த மண்டபத்தில் நீராவி இன்ஜின். அதன் பெருஞ்சக்கரத்தின் விளிம்பில் வெட்டப்பட்ட பள்ளங்களில் தடித்த பருத்திக் கயிறுகள் ஓடி, மில்லின் நெடுகிலும் கூரையடியில் சுழலும் ஷாப்டுகளுக்கு விசையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒவ்வொரு ஷாப்டிலிருந்தும் தோல் பெல்ட்டுகள் இறங்கி, ஒவ்வொரு யந்திரத்தின் புல்லியையும் பற்றிச் சுழற்றும். ஆகவே நூற்றுக்கணக்கான ஆட்கள் நின்று வேலை செய்யும் அத்தனை பெரிய சாலைக்கும் இருதயம் ஒன்றே. அந்த ஒரு இன்ஜினின் ஒரு பேரிங் சூடேறி நின்றால், பஞ்சு உடைக்கும் அறையிலிருந்து நூல் சுற்றும் அறைவரை எல்லாம் ஒரே சமயத்தில் நிசப்தமாகிவிடும். அன்றைக்கு இன்ஜினீயர் என்ற பட்டம் பாய்லரையும் இன்ஜினையும் ஆண்டவருக்கே உரியதாயிருந்தது. சங்கு ஊதுவதற்கு நெடுநேரம் முன்பே அவரும் அவருடைய ஆட்களும் வந்து நெருப்பு மூட்டி, நீராவியை வேண்டிய அழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டால்தான் மற்றவர்களுக்குப் பொழுது விடியும்.

கோவைப் பக்கத்துக் கிணறுகளின் கடினநீர் அந்தப் பாய்லர்களுக்குப் பரம சத்துருவாக வாய்த்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, கொதிக்கக் கொதிக்க இரும்பின் மேல் கல்லாகப் படிகிறது. படிவு தடிக்கத் தடிக்க, நெருப்பின் வெப்பம் நீருக்குச் சேராமல் இரும்பிலேயே தங்கி, தகட்டைச் சிவக்கக் காய்ச்சி நெளியச் செய்கிறது. தகடு நெளிந்தபின் நேரும் விபத்து எத்தகையதென்று சொல்லவேண்டியதில்லை. ஆதலால் குறித்த காலத்துக்கொருமுறை பாய்லரை ஆறவிட்டு, மனிதர்கள் உள்ளே ஊர்ந்து சென்று, விளக்கு வெளிச்சத்தில் சுத்தியலால் அந்தப் படிவைக் கொத்தி எடுப்பார்கள். 1923ஆம் ஆண்டு இந்திய பாய்லர் சட்டம் வந்தபிறகு, அரசாங்க இன்ஸ்பெக்டர் பார்த்துச் சான்றிதழ் அளிக்காமல் பாய்லரை ஓட்டுவது குற்றமாயிற்று. அந்தப் பரிசோதனைக்காக ஆண்டுதோறும் செய்யவேண்டிய ஆயத்தமே, முன்கூட்டித் திட்டமிட்ட பராமரிப்பு என்ற ஒழுங்கைப் பல மில்களுக்கு முதலில் கற்றுத்தந்தது.

இன்ஜினைவிட்டு யந்திர அறைகளுக்குள் வந்தால், அங்கே அதிகாரம் வேறு. மேலே ஸ்பின்னிங் மாஸ்டர். தொடக்கத்தில் அவர் பெரும்பாலும் லங்காஷயரில் பழகிய வெள்ளையராக இருப்பார். பின்னர் 1887இல் பம்பாயில் நிறுவப்பட்ட விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகத்தைப் போன்ற இடங்களில் கற்ற இந்தியர்கள் வந்தார்கள். அவருக்குக் கீழே மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கீழே பிட்டர். பிட்டருக்கு உதவியாக எண்ணெய் விடுகிறவர், பெல்ட் தைக்கிறவர், கதிர்களுக்குக் கயிறு கட்டுகிறவர், ரோலருக்குத் தோல் போர்த்துகிறவர் என்று பலர். இவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடுவதே பிரயாசையாக இருந்திருக்கலாம். ஆயினும் ஓல்டாமிலிருந்து பிளாட் கம்பெனியாரும், ஆக்ரிங்டனிலிருந்து ஹோவர்டு அண்டு புல்லோ கம்பெனியாரும் செய்தனுப்பிய யந்திரங்களின் அங்க லக்ஷணங்களையெல்லாம், எந்த வரைபடத்தின் துணையுமின்றி, அவர்கள் கையாலும் காதாலும் அறிந்துவைத்திருந்தார்கள்.

அந்த அறிவின் நுட்பத்தைக் காண்பதற்குக் கார்டிங் யந்திரத்தைவிடத் தகுந்த உதாரணம் கிடையாது. சுமார் 50 அங்குலக் குறுக்களவுள்ள ஒரு பெரிய உருளை; அதன் மேனி முழுவதும், லட்சக்கணக்கான மெல்லிய கம்பிப் பற்கள் குத்திய நாடா, இழுத்துப் பிடித்துச் சுற்றப்பட்டிருக்கும். அதற்கு முகங்கொடுத்தாற்போல் மேலே தட்டைச் சட்டங்கள். பக்கத்தில் டாஃபர் என்ற சிறிய உருளை. இவற்றிடையே சிக்கிப் பஞ்சின் இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, குப்பை நீங்கி, மெல்லிய சல்லாவாக வெளிப்பட வேண்டும். பெரிய உருளைக்கும் சட்டங்களுக்கும் உள்ள இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. டாஃபருக்கோ ஆயிரத்தில் ஐந்தே பங்கு. தச்சரும் கொல்லரும் ஓர் அங்குலத்தை எட்டாக வகுத்து அதில் ஒன்றை நூல் என்று சொல்லி, அதையே நுண்மையின் எல்லையாகக் கருதி வேலை செய்து வந்த சமூகத்தில் பிறந்த ஒருவர், அந்த நூலையும் நூற்றிருபத்தைந்தாக வகுத்து, அதில் ஐந்து பங்கு கனமுள்ள எஃகு இதழை இடைவெளியில் செருகி, அது இறுகலாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் நழுவுகிற பதத்தை விரல் நுனியில் உணர்ந்து, திருகைத் திருப்பி நிறுத்தினார் என்றால், அது எத்தகைய மனப்பக்குவத்தின் விளைவு!

பற்கள் மழுங்கினால் எமரி பூசிய உருளையை அவற்றின்மேல் மெதுவாக அணைத்துச் சாணை பிடிக்கவேண்டும். அணைப்பு அதிகமானால் பல்லின் முனை கொக்கியாக வளைந்து, இழையை விடாமல் பிடித்துக்கொள்ளும். குறைந்தால் கூர் ஏறாது. சரியான அணைப்பு எது என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை. உருளையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே சீராக எழும் மெல்லிய உரசல் ஒலியைக் கேட்டுத்தான் தேர்ந்த கிரைண்டர் அதை நிச்சயிப்பார். பஞ்சுத்தூசி பனிபோல் பரந்து நிற்கும் அந்த அறையில், பல யந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, தமக்கு வேண்டிய ஒரே ஒலியைத் தனித்துப் பிரித்துக் கேட்கப் பழகிய அந்தச் செவிகள், அந்தத் தூசியையும் இரைச்சலையும் இருபது முப்பது வருஷம் சுமந்தபின் என்ன கதியாயின என்பதையும் நாம் நினைக்கவேண்டும். கார்டிங் அறையில் உழைத்தவர்களின் நெஞ்சைப் பஞ்சுத்தூசி அரித்தது என்பது வைத்தியர்கள் உறுதிப்படுத்திய உண்மை.

நூற்பு அறையின் பராமரிப்பு வேறு வகையானது. அங்கே பழுது ஓரிடத்திலும் அதன் அடையாளம் மற்றோரிடத்திலும் தோன்றும். ரிங் பிரேமில் ஒவ்வொரு கதிரையும் தகர உருளையிலிருந்து ஒரு பருத்திக் கயிறு சுழற்றிக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் கயிறு சற்றே தளர்ந்தாலும் கதிர் மந்தமாகச் சுழலும். நூலில் முறுக்குக் குறையும். ஆனால் நூற்பு அறையில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள். பல நாள் கழித்து, நெசவுத்தறியில் பாவு நூல் அறுந்து விழும்போதுதான் அது வெளிப்படும். மேலும், நான்கு கதிர்களை ஒரே பட்டை நாடா சுழற்றும் ஏற்பாடு வருமுன், நானூறு கதிர்களுள்ள ஒரு பிரேமுக்கு நானூறு கயிறுகள். அவற்றில் எந்தக் கயிறு தளர்ந்தது என்று கண்டுபிடிப்பது அனுபவமுள்ள கைக்கே சாத்தியம். எண்ணெய் விஷயமும் அப்படியே. குறைந்தால் கதிர் சூடேறித் தேயும்; பேரிங் கனன்றால் பஞ்சில் தீப்பற்றும்; மிகுந்தாலோ எண்ணெய் நூலில் தெறித்துக் கறையாகி, வெளுத்தாலும் போகாது.

சீர்கெட்ட நூலிலிருந்து சீர்கெட்ட ரோலரைக் கண்டுபிடிக்கும் வித்தை ஒன்று உண்டு. கணக்கும் கைப்பழக்கமும் ஒன்றையொன்று அங்கே சந்திப்பதால், அதை நான் எப்போதும் வியப்போடு நினைப்பதுண்டு. நூலைக் கறுப்புப் பலகையில் நெருக்கமாகச் சுற்றிப் பார்த்தால், தடிப்பும் மெலிவும் மாறி மாறி வருவது கோலமாகத் தெரியும். ஒரு தடிப்புக்கும் அடுத்த தடிப்புக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தால், அது ஏறக்குறைய 3.14 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலக் குறுக்களவுள்ள உருளையின் சுற்றளவு அதுவே ஆகையால், நூலைக் கடைசியாக வெளியே தள்ளும் முன் ரோலர்தான் வட்டம் பிசகியிருக்கிறது என்று நிச்சயித்துவிடலாம். அந்தத் தூரமே பத்து மடங்காக, 31 அங்குலத்துக்கு மேல் இருந்தால், யந்திரம் இழையைப் பத்து மடங்கு நீட்டுகிறது என்பதைக் கொண்டு, குற்றம் பின் ரோலரில் என்று அறியலாம். யந்திரத்தைக் கழற்றாமலே, அது விட்டுச்சென்ற சுவட்டைப் படித்து அதன் அந்தரங்கத்தைச் சொல்லும் இந்த முறையை, பள்ளிக்கூடத்தில் வட்டக்கணிதம் பயிலாத மேஸ்திரிகளும் கையாண்டார்கள். சுற்றளவை அவர்கள் நூலைச் சுற்றி அளந்தே தெரிந்துகொண்டார்கள்.

கோவை மில்களில் கரிசல் பூமியில் எழுந்தவற்றுக்குத் தனியான ஒரு தொல்லை உண்டு. மழைக்கு உப்பிக் கோடைக்கு வெடிக்கும் அந்த மண்ணின்மேல் ஊன்றிய தூண்கள் மயிரிழையளவு நகர்ந்தாலும், கூரையடியில் ஓடும் நீண்ட ஷாப்டு நேர்கோட்டிலிருந்து விலகும்; விலகிய ஷாப்டு பேரிங்குகளைத் தின்னும்; பெல்ட்டுகள் புல்லியிலிருந்து கழன்று விழும். ஆகையால் மில்லுக்கு விடுமுறையான நாளில், தூக்குக்குண்டும் ரசமட்டமும் இழுத்துக் கட்டிய நூலும் கொண்டு, பிட்டர்கள் ஷாப்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சோதித்து நேராக்குவார்கள். ஊர் ஓய்ந்திருக்கும் நாள் அவர்களுக்கு உழைப்பு மிகுந்த நாள் என்பது இத்தொழிலின் ஆதிநாள் முதலான விதி. ஆயுத பூஜைக்கு முந்திய தினங்களில், மில் முழுவதும் கழுவித் துடைத்து, தூசி தட்டி, இடுக்குகளில் உறைந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டி எடுக்கும்போது, வருஷம் முழுவதும் கண்ணில் படாத விரிசலும் தேய்மானமும் தாமாகவே வெளிப்படும். பக்தியால் நேர்ந்த அந்தச் சோதனை எத்தனையோ விபத்துகளைத் தடுத்திருக்குமென்று நான் நம்புகிறேன்.

விபத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நிறைவெய்தாது. ஓடுகிற ஷாப்டிலிருந்து கழன்ற பெல்ட்டை, ஏணியில் நின்று மறுபடியும் ஏற்றுவதும், சுழலும் பல்சக்கரத்தின் அருகே கையை நீட்டி எண்ணெய் விடுவதும் தினசரிக் காரியங்களாயிருந்தன. இன்ஜினை நிறுத்தினால் மில் முழுவதும் நிற்குமாதலால், ஒரு பெல்ட்டுக்காக அதை நிறுத்த எந்த மேலாளரும் சம்மதிக்கமாட்டார். வேஷ்டியின் முனையோ துண்டின் நுனியோ ஷாப்டில் சிக்கினால் மனிதனே சுருண்டு மேலே போய்விடுவான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இந்த விஷயத்தில் விதித்த நிபந்தனைகளைப் படித்தால், அவற்றில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை கைகளும் உயிர்களும் போயிருக்கும் என்று நெஞ்சு நடுங்கும். ஓடும் யந்திரத்தைப் பரிசோதிக்கவோ அதற்கு எண்ணெய் விடவோ நேர்ந்தால், அதற்கென விசேஷமாகப் பயிற்றப்பட்ட வயதுவந்த ஆண் தொழிலாளியே அதைச் செய்யவேண்டும். முதலாளி கொடுத்த, உடலோடு ஒட்டிய உடுப்பை அவர் அணிந்திருக்கவேண்டும். ஆறங்குலத்துக்கு மேல் அகலமான பெல்ட்டைச் சுழலும் புல்லியருகே அவர் தொடக்கூடாது. அவருடைய பெயர் அதற்கான பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கவேண்டும். பெயரே இல்லாமல் உழைத்து மறைந்த ஒரு தொழிற்கூட்டத்தின் பெயர்களைப் புத்தகத்தில் எழுதியாகவேண்டுமென்று ஒரு சட்டம் கட்டளையிட்டது. அந்தப் பதிவேடுகள் எங்கேனும் மிஞ்சியிருக்குமானால், சரித்திரம் எழுதுகிறவர்கள் செப்பேட்டைத் தேடும் சிரத்தையோடு அவற்றைத் தேடவேண்டும்.

1932இல் நீலகிரியின் பைகாரா ஆற்றுநீர், 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியாக இறங்கி, மின்சாரத்தைப் பிறப்பித்தது. அது சமவெளியை எட்டியதும் கோவையைச் சுற்றிலும் மில்கள் மளமளவென்று தோன்றின. இது எல்லோரும் அறிந்த கதை. பராமரிப்புக்காரருக்கு அதனால் நேர்ந்த மாறுதல் அத்தனை பிரசித்தமாகவில்லை. பாய்லரும் பெருஞ்சக்கரமும் போய், முதலில் ஷாப்டைச் சுழற்ற ஒரு பெரிய மோட்டாரும், பிறகு யந்திரக் கூட்டத்துக்கு ஒரு மோட்டாரும், கடைசியில் யந்திரத்துக்கொன்றாகத் தனி மோட்டாரும் வந்தன. கூரையிலிருந்து இறங்கிய பெல்ட்டுகளின் காடு அகன்றது. ஒன்றின் பழுது ஒன்றோடு நின்றது. பழுதுபட்ட பிரேமை மட்டும் நிறுத்திக் கழற்றலாம் என்ற சுதந்திரம் பிட்டருக்கு முதன்முதலாகக் கிடைத்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பகைவர்களும் கூடவே வந்தார்கள். மோட்டாரின் காற்றுத் துளைகளில் பஞ்சு அடைந்து காயில் எரிந்துபோகும். எரிந்ததை யார் சுற்றுவது? ஒவ்வொரு மோட்டாரையும் சென்னைக்கோ பம்பாய்க்கோ அனுப்பிக் காத்திருக்க மில்லால் முடியாது. இவ்வாறு காயில் சுற்றுவோர் என்ற புதிய கைவினைஞர் வகுப்பொன்று கோவையின் தெருக்களில் தோன்றிற்று. மோட்டாரைப் பிரித்துச் சுற்றப் பழகிய ஊருக்கு, அதைப் புதிதாகச் செய்வது எட்டாத காரியமாகத் தோன்றவில்லை. பீளமேட்டில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் சேர்ந்து, இந்தியாவிலேயே முதலாவதென்று போற்றப்படும் மோட்டாரை 1937இல் உருவாக்கியபோது, பைகாரா மின்சாரம் வந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

வார்ப்புத் தொழிலின் கதையும் இத்தகையதே. அதில்தான் பழுதுபார்ப்போன் யந்திரம் செய்வோனாக மாறிய கட்டத்தைத் தெளிவாகக் காணலாம். ஒரு பல்சக்கரம் உடைந்தால், இங்கிலாந்துக்கு எழுதி வரவழைக்க மாதக்கணக்காகும். உடைந்ததையே மணலில் பதித்து, இரும்பை உருக்கி ஊற்றினால் என்ன என்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. அப்படி ஊற்றினால், வந்த சக்கரம் பழையதைப் போலவே தோன்றும். ஆனால் இணைச் சக்கரத்தோடு சேராது. காரணம், உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு ஏறக்குறைய ஒரு நூல் சுருங்கிவிடுகிறது. ஆகவே மரத்தில் தனியாக அச்சு செய்யவேண்டும். அடிக்கு ஒரு நூல் பெரிதாக்கவேண்டும். கடைசல் பிடிக்க வேண்டிய இடங்களில் அதற்கும் மேலே சதை வைக்கவேண்டும். தேய்ந்துபோன பல்லைப் பார்த்து, அது புதிதாயிருந்தபோது எவ்வடிவில் இருந்திருக்கும் என்று அனுமானித்து வெட்டவேண்டும். நகல் எடுக்கப் புறப்பட்டவன், அந்த அங்கம் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டாலொழிய நகலும் எடுக்கமுடியாது என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். அந்தக் கேள்விக்கு விடை கண்டவனோ நகலோடு திருப்தியடைவதில்லை. சக்கரத்தில் ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் நூலின் நம்பரே மாறிவிடுமென்பதால், மில் பட்டறையில் இந்தக் கேள்விகளைத் தட்டிக்கழிக்கவும் வழியில்லை.

கோவையில் இதற்கு வாய்ப்பான நிலமும் முன்பே பண்பட்டிருந்தது. ஆழ்ந்த கிணறுகளை நம்பி விவசாயம் செய்த அந்தப் பிரதேசத்தில், கரும்பாலைகளுக்கும் பம்புகளுக்கும் உதிரி அங்கங்கள் வார்க்கும் பவுண்டரிகள் 1920களிலேயே வேலை செய்துகொண்டிருந்தன; 1926இல் பி. எஸ். ஜி. தர்ம ஸ்தாபனத்தார் தொழிற்பயிற்சிக் கூடமொன்றை நிறுவி, மாணவர்கள் கற்றுக்கொண்டே யந்திரங்களைச் செய்யும் ஏற்பாட்டை வகுத்தார்கள். மில்லின் தேவையும், கிணற்றின் தேவையும், பள்ளியின் பயிற்சியும் ஒரே ஊரில் கூடியது கோவைக்குக் கிடைத்த பாக்கியம். 1939இல் உலக மகாயுத்தம் மூண்டு, லங்காஷயரின் யந்திரசாலைகள் ஆயுதம் செய்யப் போய், கப்பல்களும் அரிதாகிவிட்டபோது, இந்தியத் துணிக்குக் கிராக்கியோ என்றுமில்லாதபடி உயர்ந்தது. யந்திரங்கள் ஷிப்டுக்குமேல் ஷிப்டாக ஓடின. உதிரி அங்கங்கள் வரும் வழி அடைபட்டது. மற்ற இடங்களில் யந்திரங்களைக் கழற்றி ஒன்றின் அங்கத்தை மற்றொன்றுக்குப் பூட்டி ஒப்பேற்றிய காலத்தில், கோவையின் பட்டறைகள் கதிரையும், வளையத்தையும், ரோலரையும், பல்சக்கரத்தையும் செய்துபார்க்கத் துணிந்தன. அவை எல்லாம் முதல் முயற்சியிலேயே செவ்வையாக அமைந்திருக்கும் என்று சொல்லமாட்டேன்; எஃகின் பதமும் கடினமும் கைக்கு வரக் காலம் பிடித்திருக்கும். ஆனால் அன்று பிடித்த பழக்கம் யுத்தம் முடிந்தபின் விடவில்லை. பாலசுந்தரம் நிறுவிய டெக்ஸ்டூல் கம்பெனி நூற்பு யந்திரங்களையே செய்யத் தலைப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பின் கல்வியும் ஆராய்ச்சியும் விரைவாகவே வந்து சேர்ந்தன. சென்னையில் நெசவுத் தொழில்நுட்பமும் போதிக்கும் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி 1944இலேயே தோன்றியிருந்தது; பீளமேட்டில் பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் திறந்தது. அதன் முதல்வராக விளங்கிய ஜி. ஆர். தாமோதரன், விஞ்ஞானத்தைத் தமிழிலேயே சொல்ல வேண்டுமென்று கலைக்கதிர் பத்திரிகையை நடத்தினார். 1956இல் மில்கள் ஒன்றுகூடித் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தைக் கோவையில் அமைத்தன. பழுதுபட்டபின் ஓடிப்போய்ப் பார்ப்பது, பழுதுபடாமல் முன்கூட்டிக் காப்பது என்ற இரண்டு முறைகளுள் பின்னதே லாபகரமானது என்பதை எண்களால் நிரூபிக்க அதுபோன்ற ஸ்தாபனங்களால்தான் முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தை எதற்காக நிறுத்தவேண்டும் என்று கேட்கும் நிர்வாகத்துக்கு, பழைய மேஸ்திரி தம் அனுபவத்தைத் தவிர வேறெதையும் விடையாகக் காட்ட முடியாதிருந்தார். நூல் அறுபடும் எண்ணிக்கை, கதிரின் வேகம், செலவாகும் மின்சாரம் ஆகியவற்றை அளந்து அட்டவணையாக வைத்தபோது, அவருடைய அனுபவமும் காகிதத்தில் ஏறி மரியாதை பெற்றது. கல்லூரியிலிருந்து வந்த இளம் இன்ஜினீயர்களில் எவர் அந்த மேஸ்திரியின் பக்கத்தில் நின்று கேட்கவும் தொடவும் கற்றார்களோ, அவர்களே பின்னாளில் நல்ல பராமரிப்பு இன்ஜினீயர்களானார்கள் என்பது மில்களோடு பழகியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்.

1962இல் ஜி. கே. தேவராஜுலு, ஸ்விட்சர்லாந்து தேசத்து ரீட்டர் கம்பெனியாரின் தொழில்நுட்ப உதவியோடு, லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸை நிறுவினார்; கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் நூற்பு யந்திரங்கள் பெருமளவில் தயாராகத் தொடங்கின. மில் பிட்டர்களுக்கு இது இன்னொரு மாறுதலையும் கொண்டுவந்தது. அதுவரை அவர்களுடைய ஸ்பேனர்களும் திருகுகளும் அளவுகோல்களும் இங்கிலீஷ் அங்குலக் கணக்கில் அமைந்தவை. புதிய யந்திரங்களோ மில்லிமீட்டர் கணக்கின. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசமே மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்த தருணம் அது. ஒரே அறையில் பிளாட் கம்பெனியின் பழைய பிரேம் ஒரு வரிசையிலும் புதிய பிரேம் அடுத்த வரிசையிலும் நின்றபோது, பிட்டர் இருவகை ஆயுதப் பெட்டிகளையும் சுமந்து, நூலிலும் ஆயிரத்திலொன்றிலும் பழகிய விரல்களை மில்லிமீட்டரின் பங்குகளுக்குப் பழக்கினார்.

1974இல் நலிவுற்ற மில்கள் தேசியமாக்கப்பட்டபோது கோவையின் பழைய மில்களில் சில தேசிய பஞ்சாலைக் கழகத்தின் வசம் சென்றன. பின்னர் அவற்றுள் பல நிரந்தரமாகவே ஓய்ந்துவிட்டன. மில்லில் தேர்ந்த கடைசல்காரர்களிலும் பிட்டர்களிலும் எத்தனையோ பேர் கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கங்களில் ஒரு லேத்தும் ஒரு துளையிடும் யந்திரமும் வாங்கிப்போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள். அப்பட்டறைகளில் இன்று கணிப்பொறியால் இயங்கும் யந்திரங்கள் வந்துவிட்டபோதிலும், வாடிக்கைக்காரர் வரைபடத்தைக் கொண்டுவருவதைப் போலவே, தேய்ந்த அங்கத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, இதைப் போல ஒன்று வேண்டுமென்று மேஜைமேல் வைப்பதும் வழக்கமாகவே இருக்கிறது. பட்டறைக்காரரும் முதலில் அது எதனால் தேய்ந்தது என்றுதான் கேட்கிறார்.